மூடியைக் கொஞ்சம் சாய்த்து

உல்சானில், மாலைப் பேருந்தில்,
அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.
ஒருமுறை ஒரு பெண்மணி கேட்டேவிட்டாள்:
"முடி சுருட்டும் கடையிலா வேலை?"
பாங் ஹே-வோன் ஆமென்று தலையாட்டினாள்.
முழுப் பொய்யும் இல்லை.
சலூனில் கூந்தலை வளைக்கும் அதே அமிலம்தான்
அவள் தொட்டியில்
வெள்ளீயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு
அவசரப்படாதே, அவசரப்படாதே என்கிறது.

அவசரப்பட்டால் தொட்டி பால்போல் கலங்கும்.
கலங்கினால் அன்றைய நாள் கழிவுக் கேனுக்கு.

தொண்ணூறு டிகிரி வெந்நீர்.
அதில் நட்டுவைத்த கண்ணாடித் துண்டுகள் பன்னிரண்டு.
நாலு மணி நேரம் கழித்து எடுத்தால்
எதையும் பூசினாற்போலவே இருக்காது.
விளக்குக்கு நேரே திருப்பினால் மட்டும்
மீன் செதிலின் ஓரம்போல் ஒரு நீலம்
வந்ததா இல்லையா என்று வந்து போகும்.

இதன்மேல்தான் வந்து உட்காரும் கருப்பு,
பெரோவ்ஸ்கைட்.
ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர்.
வெயிலைக் குடிக்கும்,
ஈரக்காற்று பட்டால் மஞ்சளித்துப்போகும்.
அதற்குள் இருப்பது காரீயம்,
அடியில் படுத்திருப்பது வெள்ளீயம்.
பெயரில் பாதி ஒன்று;
குணத்தில் ஒட்டாத பங்காளிகள்.

ஒளி விழுந்ததும் எலக்ட்ரான் எழுகிறது.
எழுந்த இடத்தில் ஒரு துளை.
இரண்டையும் பக்கத்தில் விட்டால்
கட்டிக்கொண்டு மறுபடி தூங்கிவிடும்.
மிஞ்சுவது வெறும் சூடு.
பிரித்தாக வேண்டும்.
எலக்ட்ரானுக்கு வழி, துளைக்குத் தடை,
தனக்கென்று ஒன்றும் கிடையாது:
அவளுடைய படலத்துக்கு இட்ட வேலை இவ்வளவுதான்.
அதில் ஆக்சிஜனின் இடங்கள்
அளவுக்கு மேல் காலியாகிவிட்டால்
வருகிற எலக்ட்ரான் அங்கேயே உட்கார்ந்துவிடும்.
பேருந்துப் பயணிகளைப் போல
அதற்கு மூக்கு கிடையாது.

கடத்துவது என்றால் நமக்குப் பல பொருள்.
மின்சாரத்தை, பொழுதை,
இருட்டில் தோணியில் வைத்துத் தங்கத்தை.
எதுவானாலும்
நடுவழியில் நிற்பவன் கெட்டான்.

பேராசிரியர் சோக்கின் கட்டுரை பதினோரு பக்கம்.
கருப்புக்கு ஏழு பக்கம்.
தொட்டிக்கு ஒரு வரி:
முன்பு சொன்ன முறைப்படி.

குவாங்ஜுவிலிருந்து தொலைபேசி வந்தது,
போட்டி ஆய்வகத்து மாணவன், ஓக் தே-ரின்.
பதினான்காவது தொட்டியும் கலங்கிவிட்டதாம்.
"எழுதியிருப்பதை எல்லாம் செய்துவிட்டேன்" என்றான்,
இரண்டு ராத்திரி தூங்காத குரலில்.
ஹே-வோன் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
கப்பல் கட்டும் தளத்தில் பாரந்தூக்கிகள்,
அவற்றின் காலடியில் யாரோ பற்றவைக்கும் பொறி.
பேராசிரியரின் கதவு மூடியிருந்தது.

"மூடியை முழுசா மூடாதே" என்றாள்.
"கொஞ்சம் சாய்த்து வை. ஒரு விரல் நுழையணும்.
நாத்தம் வெளியே வரணும். வரலேன்னா தப்பு."

அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் உரசும் சத்தம்.
பிறகு, தயங்கி:
"இதை நான் எப்படி மேற்கோள் காட்டுவது?"

"காட்டாதே."

அன்றைக்கும் பக்கத்து இருக்கை காலி.
பையை அதில் வைத்தாள்.
தேஹ்வா ஆற்றுப் பாலத்தில் நெரிசல்;
ஓட்டுநர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

ஆய்வகத்தில், யாரும் இல்லாத அறையில்,
அறுநூற்றுப் பதின்மூன்றாவது மணி நேரமாக
விளக்கடியில் கிடந்தது ஏழாம் எண் கண்ணாடி.
திரையில் கோடு நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.
அளவுகோல் வைத்துப் பார்த்தால்
கொஞ்சம், மிகக் கொஞ்சம்,
சாய்ந்திருந்தது.